கொழுப்பு அமிலத்தில் எந்த இடத்தைத் தொடுவது?



கொழுப்பு என்று சொன்னாலே பேச்சு கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் போய்விடுகிறது. இன்றைக்கு வேறு திசையில் போகலாம். பிரசவ வார்டுகளின் குளிர்பெட்டியில் ஓர் ஊசி மருந்து தயாராக வைக்கப்பட்டிருக்கும். பெயர் கார்போப்ரோஸ்ட். பிள்ளை பிறந்தபின் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல், முதலில் கொடுத்த மருந்துக்கும் கர்ப்பப்பை சுருங்காமல் போனால் அதை எடுப்பார்கள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் இரவில் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறார்களே, அந்த மருந்துகளில் முக்கியமானது லட்டானோப்ரோஸ்ட். மூட்டுவலி மாத்திரைகளால் இரைப்பை புண்ணாகாமல் காக்கவும், பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கவும் பயன்படுவது மிசோப்ரோஸ்டால்.

மகப்பேறு, கண், இரைப்பை என்று மூன்றும் மூன்று துறைகளின் மருந்துகள். ஆனால் மூன்றின் அமைப்பையும் தாளில் வரைந்து பார்த்தால் ஒரே முகஜாடை தெரியும். இருபது கார்பன் நீளமுள்ள ஒரு பல்நிறைவுறா கொழுப்பு அமிலம் நடுவில் மடங்கி, ஐந்து கார்பன் வளையம் ஒன்றைக் கட்டிக்கொண்டதுபோன்ற சாயல் மூன்றுக்கும் உண்டு. வேதியியலாளர்கள் அந்தச் சாயலைக் கெடுக்காமல் சில இடங்களில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள்.

அப்படிக் கை வைத்த இடங்கள்தான் இந்த உரையின் பொருள். பல்நிறைவுறா கொழுப்பு அமிலங்களிலிருந்து உடல் தயாரித்துக்கொள்ளும் பொருட்கள் மிகுந்த வீரியம் உடையவை. அதே அளவுக்கு ஆயுள் குறைந்தவையும்கூட. வேலை முடிந்ததும் உடலே அவற்றை அழித்துவிடுகிறது. அழியும் பொருளை எப்படி மருந்தாக்குவது? எந்த அணு எங்கே தாக்கப்படுகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றியவர்கள் வென்றார்கள். இடத்தைச் சரியாகக் கண்டும், நோயாளியிடம் அந்தப் பயனைக் காட்ட முடியாமல் போனவர்களும் உண்டு. இரண்டு கதைகளையும் சொல்ல வேண்டும்.

எலி வாலில் தொடங்கிய ஆராய்ச்சி

முதலில் கொஞ்சம் வேதியியல். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் நீண்ட சங்கிலி. ஒரு முனையில் அமிலத் தொகுதி இருக்கும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லையென்றால் அது நிறைவுற்றது. ஒன்றுக்கு மேல் இருந்தால் பல்நிறைவுறா வகை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைய இருக்கும் லினோலியிக் அமிலத்துக்கு 18 கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்புகள். நம் உடல் அதிலிருந்து உருவாக்கிக்கொள்ளும் அராக்கிடோனிக் அமிலத்துக்கு 20 கார்பன், நான்கு இரட்டைப் பிணைப்புகள். மீன் எண்ணெயில் உள்ள ஈபிஏ அமிலத்துக்கு 20 கார்பன், ஐந்து இரட்டைப் பிணைப்புகள்.

இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு ஒரு கார்பன் நிற்கும். அதிலுள்ள இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் பிடி மிகவும் தளர்ந்தது. ஒன்றைப் பறித்துவிட்டால் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டுக் காறல் வாடை அடிப்பது இப்படித்தான். அதே தளர்ந்த இடத்தை உடலின் நொதிகள் கட்டுப்பாட்டோடு தாக்கி, அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து காய்ச்சல், வலி, வீக்கம், ரத்த உறைவு, பிரசவ வலி ஆகியவற்றை இயக்கும் பொருட்களை உண்டாக்குகின்றன. எண்ணெயைக் கெடுக்கும் அந்தப் பலவீனம் இல்லாவிட்டால் இந்தப் பொருட்களும் இல்லை.

இந்த அமிலங்கள் உயிருக்கு அவசியம் என்பதே 1929 வரை தெரியாது. கொழுப்பு என்பது எரிபொருள் சேமிப்பு, மாவுச்சத்திலிருந்தும் உடல் அதைச் செய்துகொள்ளும் என்றுதான் அறிவியல் உலகம் எண்ணியிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியினர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்து வளர்த்தார்கள். வைட்டமின்கள், புரதம் எல்லாம் உண்டு; கொழுப்பு மட்டும் இல்லை. எலிகளின் வளர்ச்சி நின்றது. வாலில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது. கடைசியில் இறந்தன. லினோலியிக் அமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் நோயுற்ற எலிகள் தேறின. உடலால் செய்ய முடியாத, உணவில் வந்தே தீரவேண்டிய கொழுப்பு அமிலங்கள் உண்டு என்று அந்தத் தம்பதியினர் நிறுவினார்கள். ஏன் அவசியம் என்ற கேள்விக்கு விடை வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

விடை வந்த வழி எலி வாலுக்குச் சம்பந்தமே இல்லாதது. 1930-இல் நியூயார்க்கில் கர்ஸ்ராக், லீப் என்ற இரண்டு மருத்துவர்கள், மனித விந்துத் திரவம் பட்டதும் கர்ப்பப்பைத் தசைத் துண்டு சுருங்குவதையும் சில வேளை தளர்வதையும் கவனித்தார்கள். சுவீடனில் உல்ஃப் வான் ஆய்லர் அதே விளைவை ஆராய்ந்து, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி, அந்தப் பொருளுக்கு 1935-இல் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். 1945-இல் தன்னிடமிருந்த சாற்றை அவர் இளம் வேதியியலாளர் சூனெ பெர்க்ஸ்ட்ராமிடம் கொடுத்தார். ஆட்டுக்கடாக்களின் விந்துப்பைச் சுரப்பிகளைத் திரட்டி, வடித்து, பிரித்து, பெர்க்ஸ்ட்ராம் குழுவினர் 1957-இல் முதல் படிகத்தைக் கண்டார்கள். 1962-க்குள் அமைப்பும் தெரிந்தது. இருபது கார்பன், நடுவில் ஒரு வளையம், ஒரு முனையில் அமிலத் தொகுதி.

அந்த அமைப்பைப் பார்த்ததும் சந்தேகம் எழுந்தது: இது கொழுப்பு அமிலத்திலிருந்து வந்ததாக இருக்குமோ? 1964-இல் பெர்க்ஸ்ட்ராம் குழுவும், நெதர்லாந்தில் வான் டார்ப் குழுவும் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்தே புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறது என்று நிரூபித்தன. பர் தம்பதியினரின் ஆய்வும் வான் ஆய்லரின் ஆய்வும் ஒன்றோடொன்று சேர்ந்தன. 1971-இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் இந்த மாற்றத்தைத் தடுத்துத்தான் வலியையும் காய்ச்சலையும் அடக்குகிறது என்று காட்டினார். பெர்க்ஸ்ட்ராம், அவருடைய மாணவர் பெங்ட் சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பவளத்திலிருந்து குடுவைக்கு

மருந்தாக்க வேண்டுமென்றால் பொருள் கையில் இருக்க வேண்டும். ஆட்டுச் சுரப்பியிலிருந்து மில்லிகிராம் கணக்கில்தான் கிடைத்தது. 1969-இல் கரீபியன் கடலின் பிளெக்சாரா ஹோமோமல்லா என்ற மென்பவளத்தில் புரோஸ்டாகிளாண்டின் கொட்டிக்கிடப்பதை வைன்ஹைமர், ஸ்ப்ராகின்ஸ் என்ற இருவர் கண்டறிந்தார்கள். உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு வரை இருந்தது. மருந்து நிறுவனங்கள் பவளத்தைத் தேடி ஓடின. அப்படியே போயிருந்தால் அந்தப் பவளத் திட்டுகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 1969-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இ. ஜே. கோரி புரோஸ்டாகிளாண்டின்களை ஆய்வகத்தில் கட்டி எழுப்பும் வழியை வெளியிட்டார். அவருடைய வழியின் பெருமை, நடுவில் வரும் ஓர் இடைநிலைப் பொருளில் இருக்கிறது. கோரி லாக்டோன் என்று இன்றும் அதை அழைக்கிறார்கள். வளையமும் அதைச் சுற்றிய தொகுதிகளும் சரியான முப்பரிமாண நிலையில் அமைந்துவிட்ட ஒரு மையம் அது. அதன் இரண்டு பக்கமும் வேண்டிய சங்கிலியை ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கத்துச் சங்கிலியை நீட்டலாம், கிளை வைக்கலாம், வளையம் சேர்க்கலாம். இயற்கையில் உள்ளதைப் படியெடுப்பதோடு நிற்காமல், இயற்கையில் இல்லாததையும் செய்து பார்க்க வழி திறந்தது. கோரிக்கு 1990-இல் வேதியியல் நோபல் வழங்கப்பட்டது.

பதினைந்தாம் கார்பன்

பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் இயற்கையான புரோஸ்டாகிளாண்டினை அப்படியே ஊசியில் ஏற்றினால் என்ன நடக்கும்? ரத்தத்தோடு சேர்ந்து நுரையீரலுக்குள் ஒரு முறை போய் வருவதற்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செயலிழந்துவிடும். 1960களிலேயே வேன் குழுவினர் இதை அளந்திருந்தார்கள். பிறவி இதயக் கோளாறு உள்ள சில பச்சிளங் குழந்தைகளுக்கு, ஒரு ரத்தக்குழாய் மூடிக்கொள்ளாமல் இருப்பதற்காக இயற்கையான புரோஸ்டாகிளாண்டின் ஈ1 தருகிறார்கள். அறுவை சிகிச்சை வரை அதைச் சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் பலன் போய்விடும்.

அழிக்கும் நொதி எங்கே கடிக்கிறது என்று தேடினார்கள். சங்கிலியின் பதினைந்தாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் ஒரு ஹைட்ரஜனும் இருக்கின்றன. நொதி அந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஹைட்ராக்சிலைக் கீட்டோனாக மாற்றுகிறது. அதோடு மூலக்கூறின் வீரியம் போயிற்று. அப்படியானால் எடுப்பதற்கு ஹைட்ரஜனே இல்லாமல் செய்துவிட்டால்? பதினைந்தாம் கார்பனில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு மீத்தைல் தொகுதியை வைத்தார்கள். நொதிக்கு வேலை இல்லாமல் போனது. அதுதான் கார்போப்ரோஸ்ட். ஒரே ஒரு கார்பனும் அதோடு வந்த ஹைட்ரஜன்களும்தான் கூடுதல். 250 மைக்ரோகிராம் ஊசி, அதாவது ஒரு மில்லிகிராமில் கால் பங்கு, தளர்ந்து கிடக்கும் கர்ப்பப்பையை இறுகச் செய்துவிடுகிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மூச்சுக்குழலும் கர்ப்பப்பையைப் போலவே சுருங்கும் தசை கொண்டது; ஆஸ்துமா உள்ள தாய்க்கு கார்போப்ரோஸ்ட் ஆபத்து. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வரும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத, மின்சாரம் நிலையாக வராத ஊரில் இந்த மருந்தை நம்பியிருக்க முடியாது.

ஒரு கார்பன் தள்ளி

அமெரிக்காவின் சியர்ல் நிறுவனத்தில் 1973-இல் உருவான மூலக்கூறு வேறு வழியில் போயிற்று. அங்கே இரைப்பைப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். புரோஸ்டாகிளாண்டின் ஈ1 இரைப்பையில் அமிலச் சுரப்பைக் குறைக்கும், உட்சுவரைக் காக்கும் என்று தெரியும். ஆனால் வாயில் போட்டால் நிற்காது. பக்க விளைவுகளும் அதிகம். சியர்ல் வேதியியலாளர்கள் பதினைந்தாம் கார்பனில் இருந்த ஹைட்ராக்சிலை எடுத்துப் பதினாறாம் கார்பனில் வைத்தார்கள். அங்கே ஒரு மீத்தைலையும் சேர்த்தார்கள். அமில முனையை எஸ்டராக மாற்றினார்கள். வாய்வழியாகக் கொடுக்கலாம், அறை வெப்பத்தில் தாங்கும் என்ற இரண்டு தகுதிகளும் அந்த மூலக்கூறுக்குக் கிடைத்தன. அதுதான் மிசோப்ரோஸ்டால். வலிநிவாரணிகளால் வரும் இரைப்பைப் புண்ணைத் தடுக்க 1988-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு ஒப்புதல் தந்தது.

அது கர்ப்பப்பையையும் சுருக்கும். மருந்து நிறுவனம் அதைப் பக்க விளைவாகக் கருதியது. மகப்பேறு மருத்துவர்கள் அதிலேயே பெரும் பயனைக் கண்டார்கள். விலை குறைந்த மாத்திரை, ஊசி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். பிரசவ ரத்தப்போக்கால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 தாய்மார்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவை வசதி குறைந்த நாடுகளில் நிகழும் மரணங்கள்.

இதற்கான உறுதியான சான்று நம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சேர்ந்த கிராமங்களில் 2002 முதல் 2005 வரை ஒரு சோதனை நடந்தது. மருத்துவர் இல்லாத இடத்தில், வீட்டிலோ துணைச் சுகாதார நிலையத்திலோ நடந்த பிரசவங்கள் அவை. பிரசவம் பார்த்த துணைச் செவிலியர்கள் 1,620 தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிள்ளை பிறந்ததும் 600 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டாலையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று செவிலியருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டது. மிசோப்ரோஸ்டால் பெற்றவர்களில் 6.4 பேருக்கு. மருந்து பெற்ற 18 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ரத்தப்போக்கு தவிர்க்கப்பட்டது. 2006-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. கர்ப்பப்பையைச் சுருக்க வழக்கமாகத் தரும் ஆக்சிடோசின் ஊசி கிடைக்காத இடங்களில் பயன்படுத்த, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2011-இல் இந்தப் பயனும் சேர்ந்தது.

பெல்காம் கிராமங்களில் அதிக ரத்தப்போக்கிலிருந்து தப்பிய தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒரு கார்பன் தள்ளி வைக்கப்பட்டதன் பலன் அது. இந்த மருந்தின் வீரியத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்: கர்ப்பிணி மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதை எடுத்துக்கொண்டால் கடும் ரத்தப்போக்கும், கரு தப்பிப் பிழைத்தால் பிறவிக் குறைபாடும் நேரலாம். மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல இது.

கண்ணுக்குள் ஒரு பென்சீன் வளையம்

புரோஸ்டாகிளாண்டின் கண்ணுக்குப் பகை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கண் அழற்சியில் அது சுரக்கிறது. விலங்குகளின் கண்ணில் அதிக அளவு போட்டால் அழுத்தம் ஏறுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ பிட்டோவும் கார்ல் கேம்ராஸும் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியது, இறங்கியபடி மணிக்கணக்கில் நின்றது. 1977-இல் முயல்களிலும், பின்னர் குரங்குகளிலும் இதைக் காட்டினார்கள். கண்ணின் உள்திரவம் வெளியேற வழக்கமான வடிகால் தவிர, தசை இழைகளுக்கு இடையே ஒரு பக்கவழியும் இருக்கிறது. அந்தப் பக்கவழியைப் புரோஸ்டாகிளாண்டின் விரிவாக்குகிறது.

மனிதர்களின் கண்ணில் போட்டபோது கண் சிவந்து உறுத்தியது. வாழ்நாள் முழுக்கப் போடவேண்டிய மருந்து உறுத்தினால் யார் தொடர்ந்து போடுவார்கள்? சுவீடனின் உப்சாலாவில் ஃபார்மேசியா நிறுவனத்தில் யோஹான் ஷெர்ன்ஷான்ட்ஸும் பஹ்ராம் ரெசூலும் சங்கிலியின் வால்பகுதியை வெட்டிவிட்டு, பதினேழாம் கார்பனில் ஒரு பென்சீன் வளையத்தை வைத்தார்கள். பதின்மூன்றாம், பதினான்காம் கார்பன்களுக்கு நடுவிலிருந்த இரட்டைப் பிணைப்பை ஒற்றையாக்கினார்கள். அமில முனையில் ஐசோபுரோப்பைல் எஸ்டர் சேர்த்தார்கள். எஸ்டர் வடிவம் கருவிழிக்குள் எளிதாக நுழைகிறது. நுழைந்ததும் அங்குள்ள நொதிகள் எஸ்டரை வெட்டிவிட, வீரியமான அமிலம் வெளிப்படுகிறது. அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பியோடு மூலக்கூறு நன்றாகப் பொருந்தியது. உறுத்தலை உண்டாக்கும் ஏற்பிகளோடு பொருந்தவில்லை. லட்டானோப்ரோஸ்ட் 1996-இல் ஒப்புதல் பெற்றது. மருந்தின் செறிவு 0.005 விழுக்காடுதான். நாளுக்கு ஒரு சொட்டு போதும். இமைமுடி நீளமாக வளர்வதும், சிலருக்குக் கருவிழிப் படலத்தின் நிறம் ஆழ்ந்துபோவதும் இதன் பக்க விளைவுகள்.

மீன் எண்ணெயும் மருந்தும்

இதுவரை சொன்னவை கொழுப்பு அமிலத்தின் வழித்தோன்றல்களைத் திருத்திய கதைகள். அமிலத்தையே மருந்தாக்கும் முயற்சிகளும் உண்டு. 1970களில் டென்மார்க்கின் பாங்கும் டயர்பெர்க்கும் கிரீன்லாந்து இனூயிட் மக்களின் ரத்தத்தை ஆராய்ந்து, கடலுணவிலிருந்து வந்த ஈபிஏ அதிகம் இருப்பதைக் கண்டார்கள்; அது இதயத்தைக் காக்குமோ என்ற எண்ணம் பிறந்தது. ஈபிஏவைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி, அமில முனையை எத்தில் எஸ்டராக மாற்றிச் செய்ததே ஐகோசாபென்ட் எத்தில் என்ற மருந்து.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறையாத 8,179 பேரிடம் நாளுக்கு 4 கிராம் கொடுத்துச் சுமார் ஐந்தாண்டு பார்த்தார்கள். ரிடியூஸ்-இட் என்ற அந்தச் சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் முதலியவை சேர்ந்த கணக்கு வெற்று மருந்துக் குழுவில் 22 விழுக்காடு, மருந்துக் குழுவில் 17.2. பெரிய வெற்றி என்று 2018-இல் அறிவித்தார்கள். ஆனால் ஈபிஏவும் மீன் எண்ணெயின் இன்னொரு அமிலமான டிஹெச்ஏவும் கலந்த வேறொரு மருந்தை 13,078 பேரிடம் சோதித்த ஸ்ட்ரெங்த் ஆய்வு, பயன் இல்லையென்று 2020-இல் நிறுத்தப்பட்டது. முதல் சோதனையில் வெற்று மருந்தாகக் கொடுத்த கனிம எண்ணெயே அந்தக் குழுவினரின் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டியதோ என்ற விவாதம் தொடர்கிறது. இரண்டு ஆய்வுகளிலும் மருந்து பெற்றவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறு கூடுதலாக வந்தது. கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரைக்கு இந்த மருந்தின் சான்றிதழைக் கொடுக்க முடியாது. அளவும் வேறு, தூய்மையும் வேறு.

கனமான ஹைட்ரஜன்

இந்தத் துறையின் துணிச்சலான யோசனை ஹைட்ரஜன் அணுவிலேயே கை வைத்தது. ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்றொரு கனமான உடன்பிறப்பு உண்டு. 1931-இல் ஹெரால்டு யூரே கண்டுபிடித்தார். வேதியியல் குணம் ஏறத்தாழ ஒன்றே, எடை மட்டும் இரண்டு மடங்கு. கதிரியக்கம் கிடையாது. கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகளில் பயன்படும் கனநீர், டியூட்டீரியம் கொண்ட நீர்தான். அதைத் தயாரிக்கும் ஆலை ஒன்று தூத்துக்குடியிலேயே கட்டப்பட்டது. கார்பனோடு டியூட்டீரியம் கொண்ட பிணைப்பை உடைப்பது, ஹைட்ரஜன் பிணைப்பை உடைப்பதைவிட மிக மெதுவாக நடக்கும்.

2007-இல் மிகைல் ஷெப்பினாவ் என்ற வேதியியலாளர் ஒரு கேள்வி கேட்டார். கொழுப்பு அமிலத்தின் தளர்ந்த இடம் எதுவென்று தெரியும்; லினோலியிக் அமிலத்தில் அது பதினோராம் கார்பன். அங்குள்ள இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக டியூட்டீரியத்தை வைத்தால், செல்லின் சவ்வு காறிப்போவதைத் தடுக்கலாமே? நரம்பு நோய்கள் பலவற்றில் இந்தக் காறல் ஒரு சங்கிலி வினையாகப் பரவுகிறது. ஒரு மூலக்கூறு கெட்டால் அடுத்ததன் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அது இன்னொன்றைக் கெடுக்கிறது. வரிசையாக அடுக்கிய காய்ந்த விறகுக்கு நடுவே ஈரக் கட்டைகளைச் செருகினால் தீ தாண்டாமல் நின்றுவிடுவதுபோல, நடுநடுவே டியூட்டீரியம் ஏற்றிய அமிலம் இருந்தால் சங்கிலி அறுந்துபோகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிளார்க் குழுவினர் ஈஸ்ட் செல்களில் இதைச் சோதித்தார்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றிய அமிலமாக இருந்தாலே செல்கள் பிழைத்தன.

தயாரிப்பு எளிதல்ல. டியூட்டீரியம் கொண்ட சிறு துண்டை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் முப்பிணைப்புச் சங்கிலிகளை இணைத்து, பின் நிக்கல் வினையூக்கியால் அந்த முப்பிணைப்புகளைச் சரியான வடிவமுள்ள இரட்டைப் பிணைப்புகளாக மாற்ற வேண்டும். பிற்பாடு, ருத்தேனியம் வினையூக்கியைக் கொண்டு, கனநீரிலிருந்தே தளர்ந்த இடங்களுக்கு மட்டும் டியூட்டீரியத்தை மாற்றும் வழியும் கண்டுபிடித்தார்கள்.

இந்த யோசனைக்கு அடித்தளம் பர் தம்பதியினரின் எலிகள்தான். லினோலியிக் அமிலத்தை உடல் தானாகச் செய்துகொள்வதில்லை. உணவில் வருவதையே சவ்வில் வைத்துக்கொள்கிறது. ஆகவே மாற்றிய அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்தால் உடல் அதைத் தன்னுடையதாகவே ஏற்று, அதை நீட்டி, டியூட்டீரியம் ஏற்றிய அராக்கிடோனிக் அமிலத்தையும் செய்துகொள்கிறது.

பிரெட்ரைக் அட்டாக்ஸியா என்ற பரம்பரை நோயில் இளம் வயதிலேயே நடை தள்ளாடும், பேச்சு குழறும், இதயமும் பலவீனமாகும். செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு தேங்கி, கொழுப்பைக் காறச் செய்வது அதன் கொடுமைகளில் ஒன்று. இருபதுக்கும் குறைவான நோயாளிகளிடம் நடந்த முதல் சோதனையில் டியூட்டீரியம் ஏற்றிய லினோலியிக் அமிலம் பாதுகாப்பாக இருந்தது. நம்பிக்கை தரும் அறிகுறிகளும் தெரிந்தன. அடுத்து நடந்த பெரிய சோதனையில், உடற்பயிற்சியில் நோயாளிகள் எட்டும் உச்சத் திறனை வெற்று மருந்தைவிட இது கூட்டவில்லை. முதன்மை இலக்கில் தோற்றது. அழகான யோசனை, தெளிவான வேதியியல், சரியான இடம் எல்லாம் இருந்தும் அது நோயாளியிடம் நிற்கவில்லை.

அதற்காக வழி தவறென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஹண்டிங்டன் நோயின் கட்டுக்கடங்காத அசைவுகளைக் குறைக்கும் டியூடெட்ராபெனசின் என்ற மருந்து 2017-இல் ஒப்புதல் பெற்றது. டியூட்டீரியம் ஏற்றி ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது. ஆகவே கனமான ஹைட்ரஜன் உடலுக்குள் மருந்தாக வேலை செய்யும் என்பது உறுதி. கொழுப்பு அமிலத்தில் எந்த நோய்க்கு, நோயின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு காலம் கொடுப்பது என்பதைத்தான் இனிச் சோதனைகள் சொல்ல வேண்டும்.

கேட்டுக்கொள்வது

எலி வாலை ஆராய்ந்தவருக்குப் பிரசவ வார்டு தெரியாது. விந்துத் திரவத்தை ஆராய்ந்தவருக்குக் கண் சொட்டு மருந்து தெரியாது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் தொடக்கத்தில் சொன்ன மூன்று மருந்துகளும் கிடைத்திருக்காது. நம் கல்லூரி வேதியியல் துறைகளில் கரிம வேதியியல் படிக்கும் மாணவர்கள் கோரி லாக்டோனைத் தேர்வுக் கேள்வியாக மட்டும் பார்க்காமல், அதன் மறுமுனையில் ஒரு தாய் இருக்கிறாள் என்று அறிந்து படிக்க வேண்டும். ஆசிரியர்கள் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதியை அரசும் பல்கலைக்கழகங்களும் வெட்டக் கூடாது.

அவையில் இருப்பவர்களிடம் ஒன்று மட்டும். உங்கள் வீட்டில் கண் நீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடும் பெரியவர் இருந்தால், பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் அதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் பெரும்பாலும் வலி தெரியாது. பார்வை நரம்பு தேயத் தேய, பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். தேய்ந்த நரம்பை மீட்டுத் தரும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருக்கிற நரம்பைக் காப்பாற்ற இரவில் ஒரு சொட்டு தேவை. அதைத் தவறாமல் போடுங்கள்.